ஓட்டை போடாத பால் டின்

மலாயாவில் ஈஜோக் பக்கம் எங்கள் தோட்டத்துத் துரை, பங்களா கூண்டில் ஒரு ஓராங் ஊத்தான் குரங்கு வளர்த்தார். சுமத்ராவில் தாயைச் சுட்டுவிட்டுப் பிடித்த குட்டியாம். அதற்குத் தீனி போடுவது என் வேலை. ஒரு நாளைக்கு இரண்டு டின் பால், ஒரு சீப்பு வாழைப்பழம். என் மகள் பிறந்து ஒன்பது நாள், மனைவி மாடில்டாவுக்குப் பால் சுரக்கவில்லை. நாங்கள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்ட பிறகு இருந்த ஒரே கடையிலும் பால் டின் வந்து ஒரு மாதமாகிறது. என்ன பிழைப்போ!

கூண்டுக்குப் பின்னால் மரப்பொந்தில் இருவாச்சி ஜோடி ஒன்று. பெட்டை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொண்டு அடைகாத்தது. ஆண் பழம் கொண்டுவந்து இடுக்கு வழியாக ஊட்டும். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறெரியும்.

"அது வெறும் பறவை, ராஃபேல். இந்தக் குரங்குதான் எங்களைப் போல. முகத்தைப் பாரும்," என்றார் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி மகாதேவா.

"மொகம் இருந்து என்னாங்க ஐயா? போட்டாத்தான் திங்குது. அந்தப் பறவை பொண்டாட்டி புள்ளைக்குத் தேடிக் கொண்டாருது. அதான் லா மனுசன்."

அன்று மாலை, மாடில்டாவிடம் சொல்லிவிட்டு வந்தபடி, குரங்கின் டின் ஒன்றைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டு லயத்துக்குக் கிளம்பினேன். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக் கூடாதென்று கடைக்காரன் எந்த டின்னையும் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பான். அது சட்டம். துரை வீட்டு டின்னில் ஓட்டை ஏது? அவசரத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. மடையன்!

வேலி வாசலில் காவலுக்கு நின்ற தங்கராஜு தடவிப் பார்த்து எடுத்துவிட்டான்.

"என்னண்ணே, முழு டின்னு!"

"புள்ளைக்குப்பா. பசியில கத்துது."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. என் கையில இல்லண்ணே."

போலீஸ் ஜீப் வந்தது. கிராணி ஓடிப்போய்ச் சொல்ல, துரையே வந்தார். "இவனை விட்டுவிடுங்கள். வேறு யார் கொடுத்தாலும் என் ஓராங் ஊத்தான் சாப்பிடாது," என்றார். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டின்னைக் கையோடு வாங்கிக்கொண்டார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்க, கூண்டருகே அந்த டின்னை உடைத்து மங்குக் கிண்ணத்தில் ஊற்றினேன். குரங்கு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொட்டு விடாமல் குடித்தது. அதன்மேல் கோபம்கூட வரவில்லை. அலுத்துப்போயிருந்தேன்.

லயத்தில் மாடில்டா கஞ்சித் தண்ணீரில் துணியை நனைத்துப் பிள்ளையின் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர எழுந்தாள்.

"கொண்டாந்தீங்களா?"