வில்லங்கம் இல்லாத சீதனம்

வாழைச்சேனையில் இருந்தபடியே அமெரிக்காக்காரரின் வரிக் கணக்குகளை இணையத்தில் முடித்துக் கொடுப்பது சுலோஜனாவின் தொழில். யாருடைய கணக்கும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சொந்த அப்பாவின் கணக்குத்தான் தொண்டையில் மீன்முள்ளாய் நின்றது.

அப்பா வினாயகமூர்த்தி ரொறன்ரோவில் உழைத்து ஓய்ந்தவர். இப்போது மூத்த மகளோடு நியூஜேர்சியில் குடியிருக்கிறார். ஊருக்கு விடுமுறையில் வந்திருந்தார். மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைப்பதுதான் மட்டக்களப்பு வழமை. சண்டையில் வீட்டை இழந்த மனுசன், சுலோஜனாவின் கலியாணத்தில் நாலு பேருக்கு முன்னால் தன் கனடா பென்சனையே சீதனமாகச் சொல்லிவிட்டார். சொன்னபடி மாதம் தவறாமல் அனுப்பியும் வந்தார். மகள் இப்போது கையில் எடுத்த அவருடைய அமெரிக்க வரிக் கணக்கில் மட்டும் அந்தப் பென்சன் மருந்துக்கும் இல்லை.

“அது உன்ட காசு மகள். குடுத்ததை என்ட எண்டு எழுதினா ஊர் சிரிக்காதா?”

“உங்கட பேரிலதானே வருகுது அப்பா? வந்த பொறகுதான் எனக்குத் தாறீங்க.”

“கனடாக்காரனே வரி வெட்டாமத்தான் அனுப்புறான்.”

“நீங்க அமெரிக்காவில இரிக்கிறதாலதான் வெட்டல்ல. ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இரிக்கு, வரி அமெரிக்காவுக்குத்தான். அமெரிக்க அரசாங்கப் பென்சன் போடுற கட்டத்திலேயே இதையும் அமெரிக்க டொலருக்கு மாத்திப் போடவேணும். முழுசுக்கும் வரி வராது.”

அவர் முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டார். எழுதினால் கொடுத்த வாக்குப் போச்சு என்பது அவர் பயம். எழுதாவிட்டால் பொய்க் கணக்கு, அதுவும் மகள் கையால். அப்பனுக்குப் பிடிவாதம் ஒரு பங்கென்றால் மகளுக்கு இரண்டு பங்கு.

“அப்பா, வட்டையில ஒரு வயல் மகளுக்குக் குடுக்கிறவர், அதில உள்ள கடனையும் சேத்தா குடுப்பார்?”

“ஆர் குடுப்பான்! வில்லங்கத்தோட குடுத்தா அது சீதனமா?”

“நீங்க வரி கட்டாத வில்லங்கத்தோடதான் தந்திரிக்கீங்க.”

வினாயகமூர்த்திக்குச் சுருக்கென்றது. மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

“எழுது. என்ட பேரிலேயே எழுது. போன வருசங்களையும் திருத்து.”

“வரியை நான் கட்டுறன் அப்பா.”

“நீ கட்டினா மறுகா என்ன சீதனம்? சும்மா இரு!”

வென்ற சந்தோசத்தில் சிரிக்கப்போன சுலோஜனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அவள் நிரப்பிய படிவத்தில் கையெழுத்தை வைத்துவிட்டு, குசினியில் நண்டு கழுவிக்கொண்டிருந்த அவள் புருசன் லக்ஷனை அயல் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார்.

“மருமகன், இஞ்ச வாங்க! உங்கட சீதனத்தில இப்ப ஒரு வில்லங்கமும் இல்ல!”