ஆளுக்கு ஒரு வாளி ஐஸ்க்ரீம்

எங்கள் கப்பலின் உடம்பு க்ரூசர் என்ற வேகமான போர்க்கப்பலுக்காகக் கட்டியது. பசிபிக் போர் அவசரத்தில் பாதியில் திட்டத்தை மாற்றி, மேலே ஒரு தளத்தைப் போட்டு விமானந்தாங்கி ஆக்கிவிட்டார்கள். ஒல்லிக் கப்பல். லேசாக அலை எழுந்தாலே குடிகாரன் மாதிரி ஆடும். பெரிய விமானந்தாங்கிக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். இந்தத் தளத்தில் ஒருதரம் இறங்கிவிட்டுச் சிரிக்கட்டும்.

அன்று மதியம் லெப்டினன்ட் ஹால்வர்சன் இறங்கும் நேரம் பார்த்துத் தளம் சரிந்தது. விமானம் ஓரத்தைத் தாண்டிக் கடலில் விழுந்தது. அதன் பின்னிருக்கையில் துப்பாக்கிக்காரன் எல்மர் டகெட் இருந்தான். இரவெல்லாம் என் தலைக்கு மேல் கட்டிலில் படுத்துக் குறட்டை விடுவான், பகலெல்லாம் என் சிகரெட்டைப் புகைப்பான். அவனை விட்டால் எனக்கு அந்தக் கப்பலில் வேறு யாருமில்லை.

தண்ணீரில் ஒரே ஒரு தலைதான் தெரிந்தது. யாருடையது என்று தெரியவில்லை. சண்டைக் கடலில் எங்கள் கப்பல் நிற்காது. பின்னால் வரும் டெஸ்ட்ராயர்தான் விழுந்தவர்களைத் தூக்க வேண்டும். அந்தச் சின்னக் கப்பலில் ஐஸ்க்ரீம் இயந்திரம் கிடையாது, எங்களிடம் உண்டு. அதனால் மீட்ட ஆளுக்கு ஒரு வாளி ஐஸ்க்ரீம் என்பது வழக்கம். வாளி போய்ச் சேர்ந்த பிறகே இரண்டு கப்பலுக்கும் நடுவே கட்டிய கயிற்றில் ஆளைத் திருப்பி அனுப்புவார்கள்.

சமையல்காரன் ப்ரோக்மனோடு ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் டெஸ்ட்ராயர் விளக்கைச் சிமிட்டியது. சிக்னல்காரன் அதைப் படித்துச் சொன்னதும் ப்ரோக்மன் கொதித்தான்.

"ரெண்டு வாளி வேணுமாம். அதுவும் சாக்லேட்டுதான் வேணுமாம். ஒருத்தனத் தூக்கிட்டு ரெண்டு கேக்குறானுங்க பாரு, கொள்ளக்காரப் பசங்க."

நான் அவன் சட்டையைப் பிடித்தேன். "ஏன்டா, ஆளுக்கு எத்தன வாளி?"

"ஒண்ணுதான். அதான் சொல்றேன், நம்மள ஏமாத்த..."

சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தான். பிறகு கீழே ஓடினான். நான் தளத்திலேயே உட்கார்ந்து அழுதேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.

ப்ரோக்மன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். மூன்று வாளிகள் கொண்டுவந்திருந்தான். அவர்கள் கேட்டது இரண்டுதானே என்றேன்.

"மூணாவது அட்வான்ஸ்டா. இந்தக் கப்பல் நாளைக்கும் ஆடத்தான போகுது."