வண்டியில் ஏறினால் அங்கிள்

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். பதினான்கு பிள்ளைகள், ஒன்பது நிறுத்தம், ஒரே ஒரு வாய். அந்த வாய் என்னுடையது. கையை உள்ளே எடு, பையைக் காலடியில் வை, இன்னொரு தடவை எழுந்து நின்றால் நடுரோட்டில் இறக்கிவிட்டுவிடுவேன் என்று காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் பள்ளி வாசல் வரைக்கும் ஓயாது. இதுவரை ஒரு பிள்ளையைக்கூட இறக்கிவிட்டதில்லை. வெறும் சத்தம்தான் என்பது அவர்களுக்கும் தெரியும், அதனால்தான் எனக்கு 'இடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இடி வருது, இடி வருது என்று வண்டிக்குள் குசுகுசுப்பது என் காதில் விழும். விழாத மாதிரி ஓட்டுவேன்.

எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் போன வருடம் ஆறாம் வகுப்புக்கு இந்தப் பள்ளியில் சேர்ந்தாள். வண்டி எங்கள் வீட்டு வாசலிலிருந்துதான் கிளம்பும். ஆகையால் முதலில் ஏறுகிறவள் அவள். சாயங்காலம் எல்லோரும் இறங்கிப் போன பிறகு கடைசியில் இறங்குகிறவளும் அவள்தான். அவள் எந்த வீட்டில் ஏறுகிறாள், யாரோடு போகிறாள் என்று மற்ற பிள்ளைகளுக்குத் தெரிய வழியே இல்லை. அதனால் என்ன வரும் என்று சத்தியமாக எனக்குத் தோன்றவேயில்லை.

முதல் நாளே நடந்தது. மூன்றாவது நிறுத்தத்தில் ஏறிய ஒரு பெண், மூக்கில் பாதி தூரம் வழுக்கி நிற்கும் கண்ணாடி போட்டவள், என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த கையோடு என்னைப் போலப் பேசிக் காட்ட ஆரம்பித்தாள். “ஏய்! கையை உள்ள எடு! கை வேணுமா வேணாமா?” அச்சு அசலாக என் தொண்டை. வண்டியே விழுந்து விழுந்து சிரித்தது. தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் பார்த்தேன். என் மகளும் சிரித்தாள்.

சிரிக்கட்டும், நான் என்ன தேய்ந்தா போய்விடுவேன்? எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனதையும் பார்த்தேன். சிரிப்பதற்கு முன்னால் 'அவர் எங்க அப்பா' என்று சொல்லியிருக்கலாம். சிரித்த பிறகு எப்படிச் சொல்வது? பதினோரு வயதுப் பிள்ளை, புது இடம், பக்கத்தில் வந்து உட்கார்ந்த முதல் தோழி. வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டாள். அவள் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

மூன்றாம் நாள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “அங்கிள், இந்த ஜன்னல் திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்.”

எந்தப் பிள்ளை இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறது என்று கண்ணாடியில் பார்த்தால், என் பிள்ளை. வீட்டில் என்னை 'நீ வா, நீ போ, உனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா' என்று பேசுகிறவள். பாருங்களேனாம். வண்டியை ஓரம் கட்டி, இறங்கிப் போய், அந்த ஜன்னலைத் திறந்துவிட்டேன். “தேங்க்ஸ் அங்கிள்” என்றாள். அவள் கண் என் சட்டைப் பொத்தானில் இருந்தது.

அன்று சாயங்காலம் கடைசிப் பிள்ளை இறங்கியதும் அவள் இருக்கைகளுக்கு நடுவே நுழைந்து, வழக்கம்போல முன் இருக்கைக்கு வந்தாள். “அப்பா, பசிக்குது. சீக்கிரம் ஓட்டேன்.” ஒன்றும் நடக்காத மாதிரி. நானும் ஒன்றும் நடக்காத மாதிரி ஓட்டினேன்.

அப்படியே ஒரு வருடம் ஓடியது. வண்டியில் ஏறினால் அங்கிள், இறங்கினால் அப்பா.

என் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மாத்திரை அட்டையை வெட்டுகிற மாதிரிதான் பேச்சும். “ஊரையே கத்துற வாய்தானே இது? பெத்த பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேக்க வராதா?”

“என்னன்னு கேக்கறது?”

“ஏன் அங்கிள்னு கூப்பிடறேன்னு கேளுங்க.”

“கேட்டா சொல்லிடுவாளே,” என்றேன்.

அதோடு அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். எனக்கு இருந்த பயம் அதுதான். 'நீ டிரைவர், அதான்' என்று மகள் வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டால் அதன் பிறகு எந்த சாயங்காலத்து அப்பாவும் எனக்குக் காணாது.

இந்த வருடம் சின்னவளும் அதே பள்ளியில் முதல் வகுப்புக்குப் போக வேண்டும். சின்னவள் என்றால் வாயாடி. தெருவில் போகிற பூனைக்குக்கூட 'இது எங்க அப்பா' என்று என்னை அறிமுகம் செய்துவைப்பவள். பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிறு மத்தியானம் பெரியவள் தட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். நகத்தைக் கடித்தாள். தங்கச்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். அவள் என்ன கேட்க நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. கேட்க முடியாமல் தவிக்கிறாள் என்பதும் புரிந்தது. பிள்ளை சாப்பிடாமல் எழுந்து போனால் எனக்குப் பொறுக்காது.

சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் வண்டியைக் கழுவினேன். சின்னவள் வாளியோடு வந்து, வண்டியைவிடத் தன்னை அதிகமாக நனைத்துக்கொண்டிருந்தாள்.

“குட்டி, ஒரு ஆட்டம் ஆடலாமா?”

“என்ன ஆட்டம்?”

“வண்டில ஏறினதும் நான் உன் அப்பா இல்ல. நீ என்னை அங்கிள்னு கூப்பிடணும்.”

“அப்ப நீ யாரு?”

“டிரைவர் அங்கிள்.”

“அக்கா?”

“அக்கா யாரோ ஒரு அக்கா. யாருகிட்டயும் சொல்லக் கூடாது. எறங்கி வீட்டுக்கு வந்தப்புறம்தான் அப்பா.”

“அப்பான்னு சொல்லிட்டா?”

“சொல்லிட்டா அவுட்டு.”

சின்னவளுக்கு அவுட் ஆவது மட்டும் ஆகவே ஆகாது. “நான் அவுட்டே ஆகமாட்டேன், பாத்துக்கோ,” என்று ஈரக் கையால் என் முழங்காலில் அடித்தாள். நிமிர்ந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் பெரியவள் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. இல்லை, பொய் சொல்வானேன், போதவில்லை. என் கையாலேயே எனக்கு நான் வைத்துக்கொண்ட வேட்டு அது.

சின்னவள் அந்த ஆட்டத்தில் புலி. “குட் மார்னிங் அங்கிள்” என்று ஏறுவாள். “அங்கிள், உங்களுக்குக் குழந்தைங்க இருக்காங்களா?” என்று வேண்டுமென்றே கேட்பாள். “இருக்கு, ரெண்டு கழுதை,” என்பேன். கையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்குவாள். அக்காவை 'அக்கா உங்க பேர் என்ன' என்று கேட்டு அவள் உயிரை எடுப்பாள். பெரியவள் முகத்தில் ஈயாடாது. நான் கண்ணாடியைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். நான்காவது நிறுத்தத்தில் வண்டி நின்றது. பக்கவாட்டுக் கதவு இழுத்து மூடுகிற கதவு. ஏறிய பிள்ளை ஒன்று அதை வேகமாக இழுத்தது. சின்னவள் கதவோரம் கை வைத்திருக்கிறாள். யாரும் கவனிக்கவில்லை. நானும்தான். பதினான்கு பிள்ளைகளின் கையை உள்ளே எடு என்று கத்துகிறவன், என் பிள்ளையின் கையைப் பார்க்கவில்லை.

அந்த அலறல் இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

“அங்கிள்! கை, அங்கிள்! அங்கிள்!”

இறங்கி ஓடிக் கதவை இழுத்தேன். நடுவிரல் நகம் கறுத்து, ஓரத்தில் ரத்தம். அவளைத் தூக்கிப் படியில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். அவள் தேம்பித் தேம்பி அழுகிறாள். “வலிக்குது அங்கிள்... ரொம்ப வலிக்குது அங்கிள்...”

அந்த வலியிலும் பிள்ளை அவுட் ஆகவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? 'அப்பா இருக்கேன்டா' என்று சொல்ல வேண்டிய இடத்தில், “ஒண்ணும் இல்ல பாப்பா, ஒண்ணும் இல்ல,” என்று யாரோ பெற்ற பிள்ளையைச் சமாதானம் செய்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியவள் எழுந்து பாதி தூரம் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. வரவும் முடியவில்லை, போய் உட்காரவும் முடியவில்லை.

அப்போதுதான் அந்தக் கண்ணாடிக்காரி பேசினாள். சின்னவள் பக்கத்தில் குந்தி, தன் கைக்குட்டையைக் கொடுத்து, மெதுவாகத்தான் சொன்னாள்.

“ஏய் குட்டி, அப்பான்னே கூப்பிடு. பரவால்ல. அவர் உங்க அப்பாதானே.”

பெரியவள் அவளையே பார்த்தாள்.

“எங்க எல்லாருக்கும் தெரியும்டி,” என்றாள் அந்தப் பெண், இப்போது பெரியவளிடம். “போன வருஷம், முதல் வாரமே தெரியும். மூக்கைப் பார்த்தாலே தெரியுதே. எங்க அம்மா வேற உங்களை எல்லாம் ஒண்ணா மருந்துக்கடையில பார்த்திருக்காங்க. நீ சொல்லல. அதான் நாங்களும் கேக்கல.”

அவள் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், நாலு திட்டு திட்டியிருப்பேன்.

என்னைப் போலப் பேசிக் காட்டுவதை இவர்கள் ஒரு வாரத்திலேயே நிறுத்திவிட்டது எனக்கு நினைவுக்கு வந்தது. பிள்ளைகளுக்கு என்மேல் மரியாதை வந்துவிட்டது என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன் நான். மரியாதையும் இல்லை, மண்ணும் இல்லை. என் மகள் மனம் நோகக் கூடாதென்று பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் காதும் காதும் வைத்தாற்போல ஒரு வருடத்துக்கும் மேலாக நடந்துகொண்டிருக்கிறார்கள்.

சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். அக்காவைப் பார்த்து, “நான் சொல்லலக்கா. நான் அவுட் ஆகல,” என்றாள். அப்புறம் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு 'அப்பா, அப்பா' என்று ஓவென்று அழுதாள். இரண்டு மாதத்து அப்பாவையும் சேர்த்து அழுத மாதிரி இருந்தது.

பெரியவள் திரும்பிப் போய்க் கடைசி இருக்கையில் உட்கார்ந்தாள்.

சின்னவள் விரல் ஆறிவிட்டது. நகம் விழுந்து புதிது முளைக்கிறது, அதைக் காட்டாத ஆள் பாக்கியில்லை. இப்போதெல்லாம் வண்டியில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நூறு தடவை அப்பாதான். கண்ணாடிக்காரியும் மற்றவர்களும் பெரியவளோடு முன்னைப் போலவே இருக்கிறார்கள். பேச்சு, சிரிப்பு, சாப்பாட்டு டப்பா மாற்றிக்கொள்வது எதிலும் குறைவில்லை. அவள் எதற்காகப் பயந்தாளோ அது நடக்கவேயில்லை.

ஆனால் அவள் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

அங்கிளும் இல்லை, அப்பாவும் இல்லை. வண்டியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. சாயங்காலம் எல்லோரும் இறங்கிய பிறகும் கடைசி இருக்கையை விட்டு வருவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் தங்கச்சியை அனுப்புகிறாள். தங்கச்சி இல்லாவிட்டால் என் முன்னால் வந்து நின்று, நான் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, “சாப்பிட வரணுமாம்” என்று காற்றில் சொல்லிவிட்டுப் போகிறாள். நான் கோமாளித்தனம் செய்து பார்த்தேன். ஒரு நாள் கோபம் வந்து கத்தியும் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் வாங்கிக்கொண்டாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட நெஞ்சு ஆறியிருக்கும்.

“ரெண்டு நாள்ல சரியாயிடும், விடுங்க,” என்றாள் மனைவி. ரெண்டு நாள் ரெண்டு மாதமாயிற்று. அப்புறம் அவளே ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: “கேட்டேன். அழறா. 'எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டும்மா கூப்பிடுவேன்'னு கேக்கறா. வாய் வரைக்கும் வருதாம், வெளிய வரமாட்டேங்குதாம்.”

“நான்தான் ஒண்ணுமே நினைக்கலையே?”

“அதை என்கிட்ட சொல்லி என்ன? அவகிட்ட சொல்லுங்க.”

நேற்று சின்னவளுக்குக் காய்ச்சல், பள்ளிக்கு வரவில்லை. சாயங்காலம் கடைசிப் பிள்ளையும் இறங்கியபின் வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் கடைசி இருக்கையில், நான் ஸ்டியரிங்கில். நடுவில் பன்னிரண்டு காலி இருக்கை. பெரிய சிக்னலில் சிவப்பு விழுந்தது. நூற்றிருபது நொடி. நான் வாயைத் திறந்தேன். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாகக் கோர்த்து வைத்திருந்தேன், எல்லாம் போய்விட்டது.

“அங்கிள்னே கூப்பிடு கண்ணு,” என்றேன். “எனக்கு ஒண்ணும் இல்ல. இடின்னுகூடக் கூப்பிடு. ஏதாவது ஒண்ணு கூப்பிடு.”

கண்ணாடியில் பார்த்தேன். அவளும் கண்ணாடியில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் ததும்பி நின்றது. உதடு பிரிந்தது.

“பச்சை விழுந்துடுச்சு,” என்றாள்.

கியரைப் போட்டு வண்டியை எடுத்தேன்.