கிராணி மகனுக்கு விட்ட வீடு

வீட்டை வாடகைக்கு விட்டவளுக்கு வரக்கூடிய தொல்லைகளில் திலகம் பார்க்காதது அதிகமில்லை. காலி பண்ணும்போது காற்றாடியோடு சேர்த்துப் பல்புகளையும் கழற்றிக்கொண்டு போனவன் ஒருத்தன். "ரெண்டே பேர்தான் ஆன்ட்டி" என்று சத்தியம் பண்ணிவிட்டுப் பதினொரு பேரைக் கொண்டுவந்து படுக்கப் போட்டவன் இன்னொருத்தன். பாத்திரம் கழுவும் தொட்டியில் பொரித்த எண்ணெயை ஊற்றி ஊற்றிக் குழாயை அடைத்துவிட்டு, குழாய் போட்டவன் சரியில்லை என்று சண்டைக்கு வந்த குடும்பம் ஒன்று. எல்லாரையும் சமாளித்தவள்தான். ஆனால் குருவியால் தொல்லை வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

வாடகைக்கு விட்ட வீட்டுக்கு அடுத்த வீட்டுக் கலாவதிதான் போன் பண்ணினாள்.

"அக்கா, ஒங்க ஊட்டு மேல் மாடியில காலையில இருந்து ராத்திரி வரைக்கும் குருவி கத்துது லா. நெசக் குருவி இல்ல, ஸ்பீக்கர். மூணு மாசமா பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். எம் மவ பரீட்சைக்குப் படிக்க முடியாம அழுவுறா. ஒங்க ஊட்டு ஜன்னலுக்கெல்லாம் பலகை வச்சு அடிச்சுட்டாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

திலகத்துக்குத் தெரியாது. ஆனால் சொன்னதுமே புரிந்துவிட்டது. சுங்கை பெசார் பக்கம் போனால் பார்க்கலாம்: கீழே கடை, மேலே ஜன்னலே இல்லாத இருட்டு மாடி, சுவரில் ஒரு துளை, நாளெல்லாம் குருவிச் சத்தம். அந்தச் சத்தத்தை நம்பி நிஜக் குருவிகள் வந்து எச்சிலால் கூடு கட்டும். அந்தக் கூட்டைச் சூப்பு வைத்துக் குடிக்க ஆள் இருக்கிறது, அதற்கு நல்ல விலையும் இருக்கிறது. குருவி ஒரு தடவை குடியேறிவிட்டால் அந்த மாடியில் அப்புறம் மனிதர் குடியிருக்க முடியாது. எச்சமும் ஈரமும் சேர்ந்து சுவரைத் தின்றுவிடும்.

அசாம் ஜாவா என்ற ஊரில் இருக்கும் அந்த இரண்டு மாடி வீடு அவளுடைய இருபத்தேழு வருடத் தொழிற்சாலை உழைப்பு. புருஷன் தேவன் லோரி ஓட்டிச் சேர்த்ததும் அதில்தான் போயிற்று. அவர் போய்ச் சேர்ந்த பிறகு, இஜோக்கில் ஒரு சின்ன வீட்டில் இருந்துகொண்டு, இந்த வாடகையில்தான் திலகம் கஞ்சி குடிக்கிறாள். இது போனால் அவளுக்கு வேறு கதி இல்லை.

குடியிருப்பவர் பெயர் புவனேசன். அறுபது வயது. திலகம் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் அவருடைய அப்பாதான் கணக்கெழுதும் கிராணி. ஆள் கணக்கு, சம்பளக் கணக்கு, கூலி ஆட்களில் யாருக்கு எந்த லயத்தில் வீடு என்கிற கணக்கு எல்லாமே அந்தக் கிராணியின் பேனா முனையில் இருந்தது. மகனைத் தோட்டமே 'சின்னய்யா' என்றுதான் கூப்பிடும். அந்தச் சின்னய்யா ஊர் ஊராகப் போய் ஏதேதோ வியாபாரம் பண்ணி, எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு, எட்டு மாதத்துக்கு முன்னால் வீடு கேட்டு வந்தார். ஆனை படுத்தால் குதிரை மட்டம் என்பார்களே, அந்த மிடுக்கு மட்டும் குறையவில்லை. அவரைப் பார்த்ததும் திலகம் என்ன செய்தாள் தெரியுமா? எழுந்து நின்றாள். முன்பணம் கேட்க வாய் வரவில்லை. அடையாள அட்டையின் நகல் கேட்கவும் வாய் வரவில்லை. சாவியை இரண்டு கையாலும் நீட்டினாள். ராவாங்கில் ஆபீஸ் வேலை பார்க்கும் மகள் புஷ்பாதான் விடாப்பிடியாக ஒப்பந்தம் எழுதி, முத்திரை வைத்து, கையெழுத்து வாங்கினாள். "எனக்கே பேப்பரா?" என்று சிரித்துக்கொண்டே போட்டார்.

போன் வந்த அன்று மத்தியானமே திலகம் பஸ் ஏறிப் போனாள். முன்பக்கக் கேட் திறந்துதான் கிடந்தது. ஆனால் அவள் கால் அங்கே போகவில்லை. வீட்டு வரிசை முழுவதையும் வெயிலில் சுற்றிக்கொண்டு பின்சந்துக்கு வந்து, சமையலறைக் கதவுக்கு வெளியே நின்று, "சின்னய்யா" என்று கூப்பிட்டாள். கிராணி வீட்டுக்கு லயத்து ஆட்கள் பின்பக்கமாகத்தான் போவார்கள். நாற்பது வருடமாகியும் காலுக்கு அது மறக்கவில்லை. கூப்பிட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இது கிராணி வீடு இல்லையே, என் வீடு ஆச்சே!

புவனேசன் கம்பிக் கதவைத் திறக்காமலே பேசினார்.

"என்ன திலகம், மாசம் பொறந்தா காசு வருதுல்ல? அப்புறம் எதுக்கு வந்து நிக்கிற?"

"மேல் மாடிய ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு..."

"இன்னிக்கு வேணாம். நா சொல்றப்ப வா."

"சரிங்க சின்னய்யா."

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம்தான் பெரிது. வெட்கத்தில் முகம் எரிந்தது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள். இங்கே மடத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டு, கும்பிடும் போட்டுவிட்டு வந்தது யார்? சரிங்களாம், சின்னய்யாவாம்! தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த வாரம் நகராண்மைக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. குடியிருப்பு வீட்டில் குருவி வளர்க்கக் கூடாது. பதினான்கு நாளில் நிறுத்தாவிட்டால் வீட்டுக்காரர்மேல் நடவடிக்கை. வீட்டுக்காரர் என்ற இடத்தில் அவள் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. குருவி வளர்ப்பது கிராணி மகன், கோர்ட்டுப் படி ஏறுவது திலகம். நன்றாக இருக்கிறது நியாயம்!

"நா ஒரு நாள் லீவு போட்டுட்டு வர்றேம்மா" என்றாள் புஷ்பா போனில்.

"வேணாம். ஒனக்கு அந்தாளு வெறும் வாடகைக்காரன். எனக்கு அப்படி இல்ல. நானே போனாத்தான் இது தீரும்."

அன்று அவள் ஒப்பந்தத்தை வரி விடாமல் படித்தாள். பிறகு போனை எடுத்து, 'வணக்கம் சின்னய்யா' என்று ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழித்தாள். 'திரு. புவனேசன் அவர்களுக்கு, ஒப்பந்தம் ஒன்பதாம் பிரிவின்படி நாளைக் காலை பத்து மணிக்கு வீட்டைப் பார்வையிட வருகிறேன். வீட்டுக்காரர், திலகம்' என்று எழுதி அனுப்பினாள். படித்துவிட்டார் என்று நீலக் குறி காட்டியது. பதில் இல்லை. இல்லாவிட்டால் போகட்டும்.

மறுநாள் பத்து மணிக்கு முன்வாசல் மணியை அடித்தாள். கதவு அரைகுறையாகத் திறந்தது.

"இங்க சாமான் கெடக்கு. பின்னால வா."

"முன்னாலயே வர்றேன், புவனேசன்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "என்னா, பேரச் சொல்லிக் கூப்புடுற?"

"கூப்புடத்தான பேரு வச்சாங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்து, கூடத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் முன்னால் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.  

நகராண்மைக் கழகக் கடிதத்தை நீட்டினாள். படித்தார். குரலை இறக்கினார்.

"இங்க பாரு திலகம், கூடு வந்துருச்சுன்னா கிலோ என்னா வெல போவுதுன்னு தெரியுமா? ஒனக்கும் பங்கு தர்றேன்."

"கூட்டுல பங்கு வேணாம். எஞ் சொவரு எனக்கு முழுசா வேணும்."

இனிப்பு பலிக்கவில்லை என்றதும் பழைய மிடுக்கு திரும்பியது. "ஒங்கப்பன் எங்கப்பா மேசைக்கு முன்னால கையக் கட்டிக்கிட்டு நின்னவன். மறந்துறாத."

குத்தியது. எங்கே குத்தினால் வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.  ஆனாலும் திலகம் தலையைக் குனியவில்லை.

"மறக்கல. அவரு நின்னாரு, நா ஒக்காந்துருக்கேன். அவரு அத்தன வருசம் நின்னதே நா ஒக்காரத்தான்."

சொல்லிவிட்டு எழுந்து மாடிப்படி ஏறினாள். அவர் "ஏய், ஏய்" என்று பின்னாலேயே வந்தார்.

மேலே பகலிலும் கும்மிருட்டு. போன் வெளிச்சத்தில் பார்த்தாள். வெள்ளைச் சுவர் கறுத்து, பூசணம் பூத்து, ஊறிய ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. ஈரத்துக்காகத் தண்ணீர் தெளிக்கும் குழாய் ஒரு மூலையில் சீறிக்கொண்டிருந்தது. முன் சுவரை உடைத்து ஒரு துளை. இந்தச் சுவருக்குச் சாயம் அடித்தது தேவன், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினாள். சத்தம் நின்றது. பையிலிருந்து சுத்தியலை எடுத்து ஜன்னல் பலகையின் ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினாள்.

"நா போலீஸ்ல சொல்லுவேன்!"

"சொல்லுங்க. நம்பர் வேணுமா?"

முதல் பலகை விழுந்தது. வெளியே இருந்து கலாவதியின் குரல் கேட்டது: "அக்கா, சத்தம் நின்னுருச்சு லா! நல்லா இருப்பீங்க!"

இரண்டாவது பலகையும் விழுந்தபோது அறை முழுக்க வெயில். இருவருமே தலையைத் தூக்கி மேலே பார்த்தார்கள். உத்திரத்தில் கூடு இல்லை. எச்சம் இல்லை. ஓர் இறகுகூட இல்லை. மூன்று மாதம் தெருவையே தூங்கவிடாமல் கூவிக் கூவி அழைத்ததற்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு பல்லி. குருவிக்கும் கிராணி மகனின் அதிகாரம் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

புவனேசன் படியில் உட்கார்ந்துவிட்டார். கடைசிக் காசையும் இதில்தான் போட்டிருந்தார் என்று முகமே சொன்னது. திலகத்துக்குப் பாவமாக இருந்தது. இல்லை என்றால் பொய். ஆனால் பாவம் பார்த்ததில்தான் தேவன் அடித்த சுவர் கறுத்துப் போனது. அவள் காலி பண்ணச் சொல்லும் கடிதத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"எத்தன நாளு?" என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

"எங்கப்பா செத்து பதினாறாம் நாள் காரியம் முடியறதுக்குள்ள ஒங்கப்பா இப்படித்தான் ஒரு கடுதாசி குடுத்தாரு. பால் வெட்ட ஆள் இல்லாத குடும்பத்துக்கு லயத்துல எடமில்ல, ஏழு நாள்ல காலி பண்ணுன்னு. எங்கம்மா இன்னும் ஒரே வாரம் கேட்டாங்க. குடுக்கல."

அவர் மடியில் கிடந்த கடிதத்தைப் பிரித்துத் தேதியைத் தேடினார்.

"நா ஒங்களுக்கு அறுபது நாள் குடுக்குறேன். அக்ரிமெண்ட்ல அப்படித்தான் இருக்கு. அது இல்லாட்டியும் அறுபதுதான் குடுத்துருப்பேன்."