மோட்டார் நிற்கவில்லை என்று எழுதியது

இப்போதெல்லாம் யாரிடமும் எதையும் நேராகச் சொல்ல முடிவதில்லை. கூரை எரிகிறது என்றால், நீ சொன்ன விதம் சரியில்லை என்கிறான்.

எங்கள் தெருவின் தண்ணீர் மோட்டாரை ஓட்டுவது ஒரு செயலி. முந்நூறு பேர் சம்பளம் வாங்காமல் சேர்ந்து எழுதியது. சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கிறவனை நான் நம்புவதில்லை.

செவ்வாய்க்கிழமையிலிருந்து மோட்டார் நிற்கவில்லை. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். என் பெண்டாட்டி பேச்சியம்மாள் கட்டில் மேல் அடுப்பை வைத்துச் சமைக்கிறாள். அவளுக்கு நீச்சல் தெரியாது.

“மோட்டார் நிற்கவில்லை. இதை எழுதினவனுக்கு அறிவு இருக்கிறதா” என்று அவர்களுடைய புகார்ப் பலகையில் எழுதினேன். உடனே வரச்சொன்னார்கள்.

அவர்கள் கட்டடத்தில் யார் வேண்டுமானாலும் எதையும் மாற்றலாம். நான் போனபோது ஒருவர் மாடிப்படியை மாற்றிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை நான் பாதியில் நின்றேன்.

மேலே நீள மேசை. அதன் தலைமாட்டில் கிளாடிஸ் என்றொரு பெண். யாரும் யார் மனதையும் நோகடிக்காமல் பார்த்துக்கொள்வது அவள் வேலையாம். பக்கத்தில் தாடிக்காரர் ரெங்கமணி. நான் சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

“ஐயா, நீங்க உக்காந்திருக்கது நிவேதன் மேல. அவர்தான் அந்த மோட்டார் பகுதிய எழுதினவரு. உங்க புகாரைப் படிச்சதுலருந்து இப்படி ஆயிட்டாரு,” என்றாள் கிளாடிஸ்.

எழுந்தேன்.

“பரவால்ல பெரியவரே, உக்காருங்க,” என்றது பெஞ்சு.

உட்கார்ந்தேன்.

“‘நிற்கவில்லை’ங்கறது ரொம்பக் கடுமையா இருக்கு. ‘நிற்பது பற்றி மோட்டார் இன்னும் முடிவெடுக்கவில்லை’ன்னு போடலாமா?” என்றாள் கிளாடிஸ்.

“ஒரு எழுத்தையும் தொடக்கூடாது. அறிவு இருக்கான்னு கேட்டது கேள்வி. கேள்வி கேக்கறது ஒரு குத்தமா?” என்றார் ரெங்கமணி.

ஒவ்வொருவர் பேசும்போதும் மேசை ஒரு நாற்காலி அளவு நீண்டது. அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் கருத்தோடு உட்கார்ந்திருந்தார்.

பேச்சியம்மாள் போன் செய்தாள்.

“தண்ணி இடுப்புக்கு வந்துட்டு. கட்டில் மெதக்குது. அங்க என்ன பண்ணிக்கிட்டு இருக்கீக?”

“வார்த்தை பாத்துக்கிட்டு இருக்காங்க.”

“கெடைச்சதும் வாங்கிட்டு வாங்க. உப்பு கரைஞ்சு போச்சு.”

“‘மெதக்குது’ன்னா படிக்கிறவங்க பதறுவாங்க,” என்றாள் கிளாடிஸ்.

பெஞ்சு மெல்லப் பேசியது. “பெரியவரே, அது ஒரே ஒரு வரி. நானே சரிபண்ணிருவேன். கைதான் இல்ல. அந்த ‘அறிவு’ங்கறத மட்டும் அடிச்சீங்கன்னா கை வந்துரும்.”

பேனா வாங்கி, மேசைமேல் கிடந்த புகாரில் அந்தக் கேள்வியை அடித்தேன். பெஞ்சின் ஓரத்தில் ஒரு கை முளைத்தது. மோதிரம் போட்டிருந்தது. என் போனை வாங்கி ஒரு வரியைத் திருத்தியது.

“இந்தத் திருத்தம் செல்லணும்னா ரெண்டு பேர் ஒப்புக்கணும். நானும் ரெங்கமணி சாரும்,” என்றாள் கிளாடிஸ்.

“அடிச்ச புகாருக்கு நான் ஒப்புக்க மாட்டேன்,” என்றார் ரெங்கமணி. “நாங்க தனியாப் போறோம்.”

மேசையின் நடுவே கட்டடம் பிளந்தது. அவர்கள் வழக்கம் அது. ரெங்கமணி பாதி ஆட்களோடும் பாதி மாடிப்படியோடும் மெதுவாக நகர்ந்து போனார். இரண்டு பாதியிலும் அதே பெயர்ப்பலகை தொங்கியது. இரண்டிலும் என் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“உங்க புகார் கண்ணியமா முடிஞ்சிருச்சுன்னு குறிச்சுட்டோம் ஐயா,” என்றாள் கிளாடிஸ். மிச்சமிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

நான் பெஞ்சைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டேன். நல்ல உயரம். கட்டில் மேல் போட்டால் பேச்சியம்மாள் ஏறி நிற்கலாம்.

தெருவில் தண்ணீர் எதிரே வந்தது.

“அந்த வார்த்தைய மனசாரத்தான அடிச்சீங்க?” என்று தலைக்கு மேலிருந்து கேட்டது பெஞ்சு.

“மோட்டார் நிக்கட்டும், பாப்போம்,” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.