லிஸ்டன் விட்ட கயிறு

கார்னிவல் திருவிழாவின் திங்கட்கிழமை மாலையென்றால் எங்கள் தீவின் பரமின் மலையில் நான் நீலப் பிசாசு. துணிக்குப் போடும் நீலத்தை உடம்பெல்லாம் பூசி, தலையில் கொம்பு வைத்து, கையில் ஈட்டியோடு இறங்குவேன். என் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை அண்ணன் லிஸ்டன் கையில் இருக்கும். பிசாசு வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் மேல் பாயும், கயிற்றுக்காரன் இழுத்து நிறுத்துவான். பதினேழு வருடமாக இழுக்கிறான். வீட்டுச் சண்டையிலும் அவன்தான் இழுத்துப் பிடிப்பான். "நான் மட்டும் இல்லன்னா என் தங்கச்சி மர்வா ஊரையே கொளுத்திடுவா" என்று ரம் கடையில் பெருமை வேறு. கேட்டுக் கேட்டு நானும் நம்பிவிட்டேன்.

நம்பக் காரணமும் இருந்தது. போன வருடம் பள்ளி வாசலில், என்னை விட்டுப் பிரிந்த ஆன்செலின் வண்டிக் கண்ணாடியைக் கல்லால் உடைத்தேன். உள்ளே எங்கள் மகள் ஷெரீஸ் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது. அவள் மடியெல்லாம் கண்ணாடித் தூள். அதன்பின் அவள் என்னிடம் வரவேயில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இந்த வருடம் ஆன்செல் போன் செய்தான். "நீ பிசாசு ஆடறத பாக்கணுங்கறா. கூட்டிட்டு வரேன். அவ பயப்படலன்னா சனிக்கிழமை உன் வீட்டுக்கு அனுப்பறேன். பயந்தா இத்தோட விட்டுடு."

அன்று மதியமே லிஸ்டனிடம் சொல்லிவிட்டேன், "இன்னிக்கி ரொம்ப இழுக்காதண்ணே" என்று. அவனுக்கு மூஞ்சி தொங்கிப்போனது. நேராகக் குடிக்கப் போனான்.

சாலை வளைவில் அப்பனும் மகளும் நின்றிருந்தார்கள். பிசாசு ஆட்டத்துக்குத் தாளமாக அடிக்கும் பிஸ்கட் டப்பாக்கள் அதிர்ந்தன.

"லிஸ்டன், கெட்டியா புடிய்யா!" என்று ஆன்செல் கத்தினான். "போன தடவ கண்ணாடி. இந்தத் தடவ என் மண்டை!"

ஊரே சிரித்தது. எனக்குக் காதுவரை சுட்டது.

"நான் எதுக்குப் புடிக்கணும்? மேடத்துக்கு நான் வேணாமாம்" என்று லிஸ்டன் கயிற்றைத் தரையில் போட்டான். "இப்ப பாருங்க கூத்த."

டப்பா அடிப்பது நின்றது. கூட்டம் பின்னால் நகர்ந்தது. ஆன்செல் பிள்ளையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

பொய் சொல்ல மாட்டேன். என் ஈட்டி ஆன்செலின் மூஞ்சியை நோக்கித்தான் இருந்தது. குத்தவும் ஆசை இருந்தது. அவனுக்குப் பின்னாலிருந்து ஷெரீஸ் எட்டிப் பார்த்தாள். என் முகத்தை அல்ல, என் கையைத்தான் பார்த்தாள்.

ஈட்டியைக் கீழே வைத்தேன். குனிந்து கயிற்று முனையை எடுத்து என் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டேன்.

"என்ன பாக்கறீங்க? டப்பாவ அடிங்கடா!"

ஆடினேன். பல்லைக் காட்டி உறுமினேன். கூட்டத்தின் மேல் பாய்ந்து, ஒவ்வொரு முறையும் ஒரு கை தூரத்தில் நானே நின்றேன். ஆன்செல் எதிரே பாய்ந்தபோதும் அப்படித்தான் நின்றேன். கோபம் போகவில்லை, அதையும் சேர்த்துத்தான் ஆடினேன்.

"போதும், குடு தங்கச்சி" என்று லிஸ்டன் கையை நீட்டினான்.

"நீ உக்காருண்ணே."

ஷெரீஸ் மெல்ல முன்னால் வந்தாள். "அம்மா, மாமா விட்டுட்டாரே. நான் புடிச்சுக்கட்டுமா?"

கொடுத்திருந்தால் பார்க்க அழகாக இருந்திருக்கும், ஊரும் கைதட்டியிருக்கும்.

"வேணாண்டா கண்ணு. அம்மாவப் புடிக்கிறது அம்மா வேல. நீ வேடிக்க பாரு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சட்டையில் நீலம் ஒட்டும் அளவுக்கு நெருங்கி வந்து நின்றாள்.

"அப்போ இன்னொரு தடவ பயமுறுத்தும்மா."