ஸ்டேட்டஸில் வைத்த துக்கம்

பாண்டிமுருகன் ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். அவன் மனைவி அருணாதேவி திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் டைப் அடிக்கிறாள். செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல் இருந்தது. எழுத்துக் கூட்டியும் அவனுக்குப் பிடிபடவில்லை.

கம்பெனியில் பில் போடும் பாலகுரு, ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவன். அவனிடம் போனைக் காட்டினான்.

"க்ரீஃப். துக்கம்ணே."

"வருத்தம்னா 'சேட்'னுதானே போடுவாங்க?"

"மனசு சரியில்லைன்னாலே 'சேட்' போடலாம். 'சாரோ'ன்னா இன்னும் ஆழம், ரொம்ப நாள் உள்ளயே கெடக்கும். இது, ஆரையாவது பறிகொடுத்தா வர்றது. வீட்டுல எதுவும்…?"

"ஒண்ணுமில்லை."

சொந்தத்தில் சாவு எதுவும் இல்லை. அப்படியானால் யாரைப் பறிகொடுத்தாள்? விட்டுப் போனவனுக்கும் இந்தச் சொல் பொருந்துமோ? அவளைக் கவனிக்கத் தொடங்கினான். கண் வீங்கியிருந்தது, கேட்டால் தூக்கமில்லை என்றாள். குளிக்கப் போனால் குழாய் வெகுநேரம் ஓடியது. மூன்றாம் நாள் மாலை, அவள் குளிக்கும்போது, அவளுடைய போனை எடுத்தான். 'எஸ்' என்ற பேரில் இருந்த நம்பருக்குத் திரும்பத் திரும்பப் பேசியிருந்தாள். அந்தப் பேரை அழுத்தினான்.

"அருணாவா?" ஒரு வயதான அம்மாவின் குரல். "பதினாறுக்காவது வந்துட்டுப் போ தாயி. எம்மக செல்வலட்சுமி கடைசி வரைக்கும் ஒம்பேரைத்தான் சொல்லிக்கிட்டுக் கெடந்தா."

போனைத் துண்டித்தான். செல்வலட்சுமி அருணாவின் பள்ளித் தோழி. அச்சக வேலை வாங்கித் தந்தவள். பொண்டாட்டியைக் கெடுக்கிறாள் என்று அவளோடு பேசவே கூடாதென்று தடுத்தவன் பாண்டிமுருகன்தான்.

தலை துவட்டியபடி வந்த அருணா, அவன் கையில் தன் போனைப் பார்த்தாள்.

"செல்வலட்சுமிக்கு என்ன?"

"மஞ்சக்காமாலை. போயிட்டா."

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா போக விட்டிருப்பீகளா?"

போனை அவளிடம் நீட்டினான். "அதான் இங்கிலீசுல போட்டியா?"

"இங்கன யாரும் படிக்க மாட்டீகன்னு போட்டேன்."

பதினாறாம் நாள் அவனே வேனில் செல்வலட்சுமியின் ஊரான ஆனைக்குட்டத்துக்கு அழைத்துப் போனான். பக்கத்து சீட்டில் உட்காராமல் பின்னால் உட்கார்ந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் வாய்விட்டு அழுவது தெருவரை கேட்டது. அவள் அப்படி அழுது அவன் கேட்டதே இல்லை. இவளைப் பற்றி இன்னும் என்னென்ன தெரியாது என்று நினைத்தபடி, வேனை விட்டு இறங்காமலே இருந்தான்.